பேக்-12 ஏன் உடைஞ்சது, அமெரிக்க காலேஜ் டீமெல்லாம் ஏன் கான்ஃபரன்ஸ் மாறிக்கிட்டே இருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்கிறது சியாட்டில் பக்கம். 2023 ஆகஸ்ட்டுல இருந்து இதை பத்தி என்கிட்ட கேட்காத ஆள் இல்ல, ஆபீஸ்ல கேக்குறாங்க, தமிழ்ச் சங்க பிக்னிக்ல கேக்குறாங்க, ஊர்ல இருந்து எம்எஸ் படிக்க வந்த பசங்க கேக்குறாங்க. ஸ்டான்ஃபோர்டு கலிஃபோர்னியால தானே இருக்கு, அது எப்படி அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல ஆடுதுன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகுது. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இங்க காலேஜ், யூனிவர்சிட்டி எல்லாத்தையும் ஸ்கூல்னு தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதுறேன். ஃபுட்பால்னு எழுதுறதும் நம்ம கால்பந்து இல்ல, பந்தை கையில எடுத்துட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்.

முதல்ல கான்ஃபரன்ஸ்னா என்ன?

பத்து பதினாறு ஸ்கூல் சேர்ந்து வச்சிருக்கிற ஒரு சங்கம்னு வச்சுக்கோங்க. சீசன்ல பாதிக்கு மேல மேட்ச் சங்கத்துக்குள்ள இருக்கிறவங்களோட தான், அதுக்குள்ள ஒரு சாம்பியன், டிவிகாரங்க கிட்ட எல்லாருக்கும் சேர்த்து ஒரே காண்ட்ராக்ட், வர்ற காசை பங்கு போட்டுக்கிறது. ஐபிஎல்ல சென்ட்ரல் பூல்ல இருந்து டீமுக்கெல்லாம் பங்கு போகுதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, ஆனா ஒரு பெரிய வித்தியாசம், ஐபிஎல்ல மேல பிசிசிஐ உக்காந்திருக்கு. இங்க பெரிய ஃபுட்பால் ஸ்கூல்களோட டிவி காசை மேல இருந்து பிடிச்சு வச்சு பிரிக்கிற ஆள் யாரும் கிடையாது. என்சிஏஏன்னு ஒண்ணு இருக்கு, அது ரூல்ஸ் போடும், பாஸ்கெட்பால் டோர்னமென்ட் நடத்தும், ஆனா எந்த ஸ்கூல் எந்த கான்ஃபரன்ஸ்ல இருக்கணும்னு சொல்ற அதிகாரம் அதுக்கு இல்ல.

இப்ப பெருசுன்னா நாலு தான்: பிக் டென் (பேர்ல தான் டென், உள்ள 18 ஸ்கூல்), எஸ்இசி (16), பிக் 12 (16), ஏசிசி, அதாவது மேல சொன்ன அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (ஃபுட்பாலுக்கு 17). அஞ்சாவதா மேற்குக் கடற்கரைப் பக்கம் இருந்தது தான் பேக்-12.

ரீஅலைன்மென்ட்னா?

ஒரு ஸ்கூல் இருக்கிற கான்ஃபரன்ஸை விட்டுட்டு இன்னொண்ணுக்கு போறது. ஒருத்தர் போனா அந்த ஓட்டையை அடைக்க இவங்க வேற எங்கயாவது போய் ஆள் பிடிப்பாங்க, அங்க ஓட்டை விழும், அப்படியே கீழ கீழன்னு போகும்.

மாறுறதுக்கு ஃபுட்பால் மட்டும் தான் காரணமா? பாஸ்கெட்பால், படிப்பு இதெல்லாம் கணக்குல வராதா?

வரும், ஆனா கடைசில. டிவி காசுல பெரும்பங்கு ஃபுட்பால்ல இருந்து வருது, இந்த கேள்விக்கு இதுக்கு மேல பதில் இல்ல.

இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது?

1984ல. அதுக்கு முன்னாடி எந்த சனிக்கிழமை எந்த மேட்ச் டிவில வரணும், ஒரு டீம் எத்தனை தடவை வரலாம்னு எல்லாம் என்சிஏஏ தான் முடிவு பண்ணும். டிவில காட்டுனா ஸ்டேடியத்துக்கு கூட்டம் வராதுன்னு ஒரு பயம். ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 7-2ன்னு தீர்ப்பு, என்சிஏஏ பண்றது போட்டிச் சட்டத்துக்கு எதிரானதுன்னு சொல்லி அந்த பிடியை எடுத்துட்டாங்க. அந்த ரெண்டு பேர் எதிர்ப்புல ஒருத்தர் பைரன் வைட், அவரே கொலராடோல பெரிய ஃபுட்பால் ஸ்டாரா இருந்தவர். பணத்தை மட்டும் வச்சு இந்த விளையாட்டை பாக்கக்கூடாது, படிப்போட சேர்ந்த விஷயம் இதுன்னு அவர் தனியா எழுதி வச்சாரு. சட்டப்படி மெஜாரிட்டி சொன்னது சரியா இருக்கலாம், ஆனா நாப்பது வருஷம் கழிச்சு திரும்பிப் பாக்கும்போது வைட் பயந்தது தான் நடந்திருக்குன்னு எனக்கு தோணுது.

அதுக்கப்புறம் வரிசையா நடந்துச்சு. 1990ல பிக் டென் பென் ஸ்டேட்டை எடுத்தாங்க. எஸ்இசி ஆர்கன்ஸாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்து 12 ஆக்கி, ரெண்டு டிவிஷனா பிரிச்சு 1992ல ஒரு ஃபைனல் மேட்ச் வச்சாங்க, அந்த ஒரு மேட்ச்சே தனியா காசு கொட்ட ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் 12 வேணும்னு ஆயிடுச்சு. டெக்ஸஸ் ஸ்கூல்களை மையமா வச்சிருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996ல மூடிட்டாங்க, அதுல நாலு பேர் பிக் எயிட் கூட சேர்ந்து தான் பிக் 12 பொறந்துச்சு. ஏசிசி 2003ல இருந்து பிக் ஈஸ்ட்னு இன்னொரு கான்ஃபரன்ஸை கொத்த ஆரம்பிச்சது தனிக்கதை.

ரட்கர்ஸ் ஃபுட்பால்ல அப்படி ஒண்ணும் பெரிய டீம் இல்லையே, அதை எதுக்கு பிக் டென் எடுத்தாங்க?

நல்ல கேள்வி. இதை புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் புரிஞ்சிடும்.

2007ல பிக் டென் சொந்தமா ஒரு சேனல் ஆரம்பிச்சாங்க, ஃபாக்ஸ் டிவி கூட சேர்ந்து. அப்பெல்லாம் எல்லார் வீட்லயும் கேபிள். கேபிள் பில்லுல ஒவ்வொரு சேனலுக்கும் மாசம் இவ்வளவுன்னு உள்ளுக்குள்ள ஒரு தொகை போகும், நீங்க அந்த சேனலை பாக்குறீங்களோ இல்லையோ அது போயிட்டே இருக்கும். ஒரு மாநிலத்துல பிக் டென் ஸ்கூல் இருந்தா அங்க கேபிள்காரங்க கிட்ட ஜாஸ்தி ரேட் கேட்கலாம், இல்லாத மாநிலத்துல சில்லறை தான். இப்ப ரட்கர்ஸ் எங்க இருக்கு? நியூ ஜெர்ஸில, நியூயார்க் மார்க்கெட்டுக்குள்ள. மேரிலாண்ட் எங்க இருக்கு? வாஷிங்டன் டிசி பக்கத்துல. நியூ ஜெர்ஸி எடிசன்ல ஒரு குஜராத்தி வீட்ல ஃபுட்பால்னா என்னன்னே தெரியாம கேபிள்ல சீரியல் பாத்துட்டு இருந்த பாட்டி கூட, தெரியாமலே பிக் டென்னுக்கு மாசாமாசம் காசு கட்டிட்டு இருந்திருப்பாங்க. 2014ல ரெண்டு ஸ்கூலையும் எடுத்ததுக்கு இது தான் கணக்கு, ஃபீல்டுல ஜெயிக்கிறாங்களா தோக்குறாங்களாங்கிறது ரெண்டாவது.

இன்னைக்கு அந்த கணக்கு செல்லாது. ஜனங்க கேபிளை வெட்டிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு போயிட்டாங்க, அதனால வீடு எத்தனை இருக்குன்னு பாக்குறதில்ல, எத்தனை பேர் உண்மையிலேயே உக்காந்து மேட்ச் பாக்குறாங்கன்னு பாக்குறாங்க. பேர் போன டீம், நாடு முழுக்க ஃபேன்ஸ் இருக்கிற டீம், அது தான் வேணும். டெக்ஸஸ், ஓக்லஹோமா, லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற யூஎஸ்சி எல்லாம் இந்த ரெண்டாவது கணக்குல போனவங்க. என் கருத்துப்படி ரட்கர்ஸ் இன்னைக்கு போய் கதவை தட்டியிருந்தா திறந்திருக்க மாட்டாங்க.

சரி, ஒரு புது ஸ்கூலை சேர்க்கலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றாங்க?

ஒரு சின்ன கணக்கு சொல்றேன், நம்பர் நானா எடுத்துக்கிட்டது. 16 ஸ்கூல் இருக்கு, ஆளுக்கு 60 மில்லியன் டாலர் வருது, மொத்தம் 960. பதினேழாவதா ஒருத்தர் வந்தா அவர் வந்ததால டிவிகாரன் குறைஞ்சது 60 மில்லியன் கூடுதலா குடுக்கணும், 40 தான் குடுப்பான்னா ஏற்கனவே உள்ள இருக்கிற 16 பேரோட இலையில இருந்து எடுத்து தான் இவருக்கு பரிமாறணும், அதுக்கு யாரு ஓட்டு போடுவா? 60 கொண்டு வந்தாலும் உள்ள இருக்கிறவங்களுக்கு லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, அப்புறம் எதுக்கு புதுசா ஒருத்தர்னு கேப்பாங்க. அதனால 60ஐ தாண்டி கொண்டு வர்ற ஸ்கூல் மட்டும் தான் நேரா உள்ள போகும், அந்த மாதிரி ஸ்கூல் நாட்டுல விரல் விட்டு எண்ணிடலாம்.

மத்தவங்க உள்ள போகணும்னா தள்ளுபடி குடுக்கணும். ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு போனப்போ ஆரம்ப வருஷங்களுக்கு மத்தவங்க வாங்குறதுல பாதி பக்கம் தான்னு ஒத்துக்கிட்டு போனாங்க. டல்லாஸ்ல இருக்கிற எஸ்எம்யூ இன்னும் ஒரு படி மேல, 9 வருஷத்துக்கு ஏசிசி டிவி காசு வேணவே வேணாம், எங்களை சேர்த்துக்கிட்டா போதும்னாங்க. பழைய மாணவர்கள் கிட்ட காசு இருக்கு, அவங்க நாங்க பாத்துக்கிறோம்னு நின்னாங்க. கேக்க பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு, ஆனா முதல் சீசன்லயே, 2024ல, ஏசிசி ஃபைனல் வரைக்கும் வந்து, நேஷனல் சாம்பியனை முடிவு பண்ற 12 டீம் ப்ளேஆஃப்லயும் ஆடிட்டாங்க.

இன்னொண்ணு, சில காண்ட்ராக்ட்ல புதுசா ஆள் வந்தா அதே ரேட்டுல அவங்களுக்கும் டிவிகாரன் குடுக்கணும்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வச்சு தான் ஸ்டான்ஃபோர்டு கதையே நடந்துச்சு, கீழ வர்றேன்.

கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்னு அடிக்கடி சொல்றாங்களே, அது என்ன?

ஒரு ஸ்கூல் தன்னோட ஹோம் மேட்ச்களை டிவில காட்டுற உரிமையை இத்தனை வருஷத்துக்குன்னு கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் குடுத்துடும். பத்திரத்தை அடகு வச்ச மாதிரி. நீங்க வெளிய போகலாம், ஆனா உங்க மேட்ச் உரிமை பழைய இடத்துலயே இருக்கும், அப்புறம் புது இடத்துல உங்களை யாரு எடுப்பா? ஏசிசில இந்த பத்திரம் 2036 வரைக்கும். அதை உடைக்க தான் ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பர்ல கேஸ் போட்டாங்க, தோல்வியே இல்லாம 13-0ன்னு முடிச்சும், அப்ப நாலு டீம் மட்டும் ஆடின ப்ளேஆஃப்ல இடம் கிடைக்காத அதே மாசம். கிளெம்சன் 2024 மார்ச்ல போட்டாங்க. 2025 மார்ச்ல சமாதானம் ஆச்சு: யாரோட மேட்ச்சை ஜனங்க ஜாஸ்தி பாக்குறாங்களோ அவங்களுக்கு பங்கு ஜாஸ்தி, வெளிய போற ஃபீஸ் வருஷா வருஷம் குறைஞ்சு 2030-31ல 75 மில்லியனுக்கு வரும். பிக் 12லயும் இதே மாதிரி பத்திரம் இருந்துச்சு, அங்க இருந்து எஸ்இசிக்கு போன டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் ஒரு வருஷம் முன்னாடி கிளம்ப ரெண்டு பேருமா 100 மில்லியன் விட்டுக்குடுத்தாங்க.

பேக்-12க்கு என்ன தான் ஆச்சு?

1915 டிசம்பர்ல போர்ட்லண்ட்ல ஒரு ஹோட்டல்ல நாலு ஸ்கூல் சேர்ந்து ஆரம்பிச்சது. நூறு வருஷத்துக்கு மேல மேற்குக் கடற்கரை விளையாட்டுன்னா இது தான். எல்லா விளையாட்டும் சேர்த்து 500க்கு மேல என்சிஏஏ பட்டம், வேற எந்த கான்ஃபரன்ஸும் கிட்ட வரல. அது 2022 ஜூன் 30ல இருந்து 2023 செப்டம்பர் 1க்குள்ள, 14 மாசத்துல, 12ல இருந்து 2 ஆயிடுச்சு.

ஆனா விதை முன்னாடியே போட்டாச்சு. 2011ல இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் கூட 12 வருஷத்துக்கு 3 பில்லியன்னு அன்னைக்கு தேதிக்கு பெரிய காண்ட்ராக்ட் போட்டாங்க, கமிஷனர், அதாவது கான்ஃபரன்ஸை நடத்துற தலைமை நிர்வாகி, லாரி ஸ்காட்டை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. அடுத்த வருஷமே சொந்த சேனல், ஒண்ணு இல்ல ஏழு. பிக் டென் ஃபாக்ஸை பார்ட்னரா வச்சுக்கிட்டாங்க, இவங்க முழுசும் நாங்களே வச்சுக்கிறோம்னாங்க. பார்ட்னர் இல்லாததால கேபிள் கம்பெனிகளை மிரட்டி வாங்க பின்னாடி ஆள் இல்ல, டைரக்டிவின்னு சாட்டிலைட் டிவி கம்பெனிக்காரங்க கடைசி வரைக்கும் அந்த சேனலை எடுக்கவே இல்ல. சான் ஃபிரான்சிஸ்கோல பெரிய வாடகைக்கு ஆபீஸ் வேற. அந்த பக்கம் எஸ்இசி, பிக் டென் பங்கு ஏறிக்கிட்டே போச்சு, இங்க இருக்கிறவங்க இடைவெளியை பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்து 2021. ஜூலைல டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்கு போறோம்னு சொன்னதும் பிக் 12 நடுத்தெருவுல நின்னுச்சு, மிச்சம் இருந்த எட்டு பேரும் யாராவது எடுப்பாங்களான்னு பாத்துட்டு இருந்தாங்க. அப்ப பேக்-12 கை நீட்டியிருந்தா நல்ல ஸ்கூல்களா ரெண்டு நாலு வந்திருக்கும். ஆகஸ்ட் கடைசில, எங்களுக்கு எக்ஸ்பான்ஷன் வேணாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு பதிலா பிக் டென், ஏசிசி கூட ஒரு கூட்டணின்னு அறிவிச்சாங்க, கையெழுத்து போட்ட பேப்பர் எதுவும் இல்ல, நம்பிக்கை தான்னாங்க. பத்து மாசத்துல அதே பிக் டென் யூஎஸ்சியையும் யூசிஎல்ஏவையும் தூக்கிட்டு போயிட்டாங்க. யூசிஎல்ஏ விளையாட்டுத் துறை மேல 100 மில்லியனுக்கு மேல கடன் இருந்துச்சு, அவங்களுக்கு வேற யோசனைக்கே இடம் இல்ல.

இதுக்கு நடுவுல பிக் 12க்கு பிரெட் யோர்மார்க்னு புது கமிஷனர் வந்தாரு. அவர் பண்ணது ஒரே காரியம், வரிசையில முந்திக்கிட்டாரு. பேக்-12 காண்ட்ராக்ட் தான் முதல்ல முடியப் போகுது, அவங்க தான் முதல்ல பேசணும், ஆனா இவர் போய் 2022 அக்டோபர்ல இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் கூட 6 வருஷத்துக்கு 2.28 பில்லியன்னு முடிச்சுட்டாரு. ஆளுக்கு வருஷம் 31 மில்லியன் சொச்சம், பிரமாதமான தொகைன்னு சொல்ல முடியாது, ஆனா கையில இருக்கு. பேக்-12க்கு அதே அளவு தொகை இஎஸ்பிஎன் கிட்ட இருந்து வந்ததாகவும், 50 மில்லியன் வேணும்னு இவங்க கேட்டதாகவும் அப்பவே செய்தி வந்துச்சு. சேனல்காரங்க கிட்ட இருந்த பட்ஜெட் தீர்ந்துடுச்சு.

2023 ஜூலை 27ல கொலராடோ கிளம்பிருச்சு. மிச்சம் 9 பேர். ஸ்காட்டுக்கு அப்புறம் வந்த கமிஷனர் ஜார்ஜ் கிளியாவ்காஃப் ஆப்பிள் கிட்ட இருந்து ஒரு ஆஃபர் கொண்டு வந்தாரு, ஆளுக்கு 25 மில்லியன் பக்கம், சப்ஸ்கிரிப்ஷன் ஏறினா இன்னும் ஏறும். ஆகஸ்ட் 4 காலைல எல்லாரும் ஃபோன்ல கூடி கையெழுத்து போடப் போறாங்கன்னு தான் பேச்சு. நான் அன்னைக்கு காலைல காபி கூட போடாம ஃபோனை ரிஃப்ரெஷ் பண்ணிட்டே உக்காந்திருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச மாதிரி, வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்கு போறாங்கன்னு வந்துச்சு. அன்னைக்கு ராத்திரிக்குள்ள அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூணு பேரும் பிக் 12. ரெண்டு வருஷம் முன்னாடி எந்த பிக் 12ஐ வேணாம்னாங்களோ, அதே பிக் 12 இவங்க வீட்ல இருந்து நாலு பேரை கூட்டிட்டு போயிடுச்சு.

அப்ப தப்பு யாரு மேல?

கமிஷனர்களை மட்டும் திட்டுறது சுலபம். ஆனா எக்ஸ்பான்ஷன் வேணாம்னு சொன்னதும், தொகையை ஏத்தி கேட்டதும், கையெழுத்தை தள்ளிப் போட்டதும் யூனிவர்சிட்டி பிரசிடென்ட்டுகள் ஓட்டு போட்டு எடுத்த முடிவு. பொருளாதாரம் சொல்லிக் குடுக்குற இடத்துல இருக்கிறவங்க, தங்களோட சரக்குக்கு மார்க்கெட்ல என்ன விலைன்னு பாக்காம இருந்துட்டாங்க. எனக்கு இது தான் ரொம்ப வலிக்குது.

ஸ்டான்ஃபோர்டும் கேலும் அட்லாண்டிக்ல எப்படி?

கேல்னா பெர்க்லில இருக்கிற யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. மேல சொன்ன அந்த ஒரு வரி ஞாபகம் இருக்கா? புதுசா வர்ற ஒவ்வொரு ஸ்கூலுக்காகவும் இஎஸ்பிஎன் ஏசிசிக்கு முழு பங்கு குடுக்கணும். ஆனா ஸ்டான்ஃபோர்டும் கேலும் ஆரம்பத்துல 30 சதவீதம் போல குடுங்க போதும்னாங்க, எஸ்எம்யூ எதுவுமே வேணாம்னாங்க. மிச்சக் காசை பழைய ஏசிசி ஸ்கூல்கள் பிரிச்சுக்கலாம். அப்படி இருந்தும் 15ல 12 ஓட்டு தேவைப்பட்டுச்சு, நாலு பேர் எதிர்ப்பு, கடைசில நார்த் கரோலினா ஸ்டேட் மனசு மாறினதால செப்டம்பர் 1ல தேறிச்சு. கலிஃபோர்னியால இருந்து பாஸ்டன் வரைக்கும் பறக்கிறதுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா, கதவு மூடுறதுக்குள்ள எந்த வீடா இருந்தாலும் பரவால்லன்னு ஓடியிருக்காங்கன்னு தான் அர்த்தம். கேலுக்கு இன்னொரு ஆறுதல், அதே யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா குடும்பத்துல இருக்கிற யூசிஎல்ஏ, விட்டுட்டு போனதுக்காக கேலுக்கு வருஷம் 10 மில்லியன் குடுக்கணும்னு ரெண்டுக்கும் மேல இருக்கிற நிர்வாகக் குழு, ரீஜென்ட்ஸ், சொல்லிட்டாங்க.

மிச்சம் இருந்த ரெண்டு பேர்?

ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். கார்வாலிஸ், புல்மன். ரெண்டும் சின்ன ஊர், பெரிய டிவி மார்க்கெட் இல்ல, அது தான் குத்தம். நட்டாத்துல விட்டுட்டாங்க.

புல்மன் போயிருக்கீங்களா? சியாட்டில்ல இருந்து கிழக்க காருல நாலரை மணி நேரத்துக்கு மேல, கடைசி ஒரு மணி நேரம் அலை அலையா கோதுமை வயல் மேடு தான், வேற ஒண்ணும் இருக்காது, திடீர்னு ஊர் வரும். மேட்ச் அன்னைக்கு அந்த ஊர் ஜனத்தொகையே ஸ்டேடியத்துக்குள்ள தான் இருக்கோன்னு தோணும். 2023 செப்டம்பர் 23ல அங்க இந்த ரெண்டு ஸ்கூலும் மோதினாங்க, ரெண்டு பேருமே அப்ப ராங்கிங்ல இருந்த டீம், வாஷிங்டன் ஸ்டேட் 38-35ன்னு ஜெயிச்சாங்க. எதிர் டீமை திட்டுற கூட்டம் அன்னைக்கு இல்ல, ஒரே வீட்ல சாவு விழுந்த ரெண்டு பேர் மாதிரி இருந்தாங்க.

ரெண்டு பேரும் சேர்ந்து வாஷிங்டன் மாநிலத்துல கேஸ் போட்டாங்க. கிளம்புறோம்னு சொன்னவங்களுக்கு போர்டுல ஓட்டு கிடையாதுன்னு ரூல் இருக்கு, அதே ரூலை யூஎஸ்சி, யூசிஎல்ஏ போனப்போ வச்சீங்களே, இப்ப எங்களுக்கும் வைங்கன்னு கேட்டாங்க. நவம்பர்ல ஜட்ஜ் இவங்க பக்கம் சொன்னாரு, டிசம்பர்ல சமாதானம் ஆச்சு, பேரும் மிச்ச சொத்தும் இவங்க கைக்கு வந்துச்சு. ரெண்டே டீம் வச்சு ஒரு கான்ஃபரன்ஸ், மொத்தம் எட்டு பேர் ஆக்க ரெண்டு வருஷம் டைம். 2024 செப்டம்பர்ல பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், அப்புறம் யூட்டா ஸ்டேட், பாஸ்கெட்பாலுக்கு கொன்ஸாகா, 2025ல டெக்ஸஸ் ஸ்டேட். ஃபுட்பாலுக்கு எட்டு ஆயிடுச்சு, 2026ல இருந்து புது பேக்-12.

ஒண்ணு சொல்லியே ஆகணும். பாய்ஸில இருந்து யூட்டா ஸ்டேட் வரைக்கும் அந்த அஞ்சு பேரை எங்க இருந்து எடுத்தாங்க? மவுன்டன் வெஸ்ட்னு இன்னொரு கான்ஃபரன்ஸ்ல இருந்து, அதுவும் இவங்களுக்கு மேட்ச் குடுத்து உதவின அதே மவுன்டன் வெஸ்ட். அடி வாங்கினவங்க தான், நான் இவங்க பக்கம் தான், ஆனாலும் அது நியாயம்னு என்னால சொல்ல முடியல.

போனவங்க நல்லா தானே இருக்காங்க? அப்புறம் என்ன பிரச்சினை?

ஃபுட்பால் டீம் நல்லா தான் இருக்கு. சீசனுக்கு அஞ்சாறு தடவை வெளியூர், சார்ட்டர் ஃப்ளைட், சனிக்கிழமை மேட்ச், ஞாயித்துக்கிழமை காலைல கட்டில்ல இருப்பாங்க. மத்த விளையாட்டை பாருங்க. வாலிபால்ல வாரத்துக்கு ரெண்டு மேட்ச். சாஃப்ட்பால், பேஸ்பால் சீசனுக்கு 50க்கு மேல கேம். லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து ரட்கர்ஸுக்கு கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், மூணு மணி நேரம் கடிகாரம் மாறும். முன்னாடி யூசிஎல்ஏ பொண்ணுங்க யூஎஸ்சி மேட்ச்சுக்கு அதே ஊர்ல பஸ்ல போனாங்க, தூரம்னா சியாட்டில், அதுவும் ஒரே டைம் ஸோன். இந்த பசங்கள்ல முக்காவாசி பேர் ப்ரொஃபெஷனலா ஆடப் போறதில்ல, வியாழக்கிழமை கெமிஸ்ட்ரி லேப் இருக்கும், அதை ஏர்போர்ட்ல உக்காந்து எப்படி பண்றது?

ஸ்டான்ஃபோர்டு சம்பந்தப்பட்டவங்க பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 39 மெடல் வாங்கினாங்க, பல நாடுகளை விட ஜாஸ்தி. நீச்சல், வாட்டர் போலோ, வாலிபால்னு அந்த மெடல் எதுவும் அமெரிக்கன் ஃபுட்பால்ல வந்தது கிடையாது. ஆனா அந்த பசங்க எங்க ஆடணும்னு முடிவு பண்ணது ஃபுட்பால் டிவி காண்ட்ராக்ட்.

கைவிட்ட இடத்துலயும் அடி விழுந்துச்சு. ஆரிகன் ஸ்டேட் பெண்கள் பாஸ்கெட்பால் டீம் 2024ல எலைட் எயிட் வரைக்கும், அதாவது நாட்டுல கடைசி எட்டு வரைக்கும் போனாங்க. சீசன் முடிஞ்ச சில வாரத்துல முக்கியமான பிளேயர்ஸ் எல்லாம் பெரிய கான்ஃபரன்ஸ் ஸ்கூலுக்கு கிளம்பிட்டாங்க. அவங்களை குறை சொல்ல மாட்டேன். அதே ஸ்கூலோட பேஸ்பால் டீம் எந்த கான்ஃபரன்ஸும் இல்லாம தனியா 2025ல ஆடி, காலேஜ் வேர்ல்ட் சீரிஸ், அதாவது காலேஜ் பேஸ்பாலோட கடைசிச் சுற்று வரைக்கும் போயிட்டாங்க, அதை நினைச்சா இன்னும் சிலிர்க்குது.

பங்காளி மேட்ச் எல்லாம் என்ன ஆகுது?

சிலது போச்சு, சிலது திரும்பி வந்துச்சு. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆடுற பெட்லம் 2023 நவம்பரோட நின்னுடுச்சு, கடைசி மேட்ச்ல 27-24ன்னு ஸ்டேட் ஜெயிச்சாங்க. டெக்ஸஸ், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 2011க்கு அப்புறம் 13 வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மாதிரி இருந்து, ரெண்டு பேரும் எஸ்இசிக்கு வந்ததால 2024ல திரும்ப ஆடினாங்க.

எங்க ஊர்ல ஆப்பிள் கப், வாஷிங்டனுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும், 1900ல இருந்து. நவம்பர் குளிர்ல ஆடுறது தான் வழக்கம். 2024ல கான்ஃபரன்ஸ் வேற வேறன்னு ஆனதால செப்டம்பருக்கு மாத்தி சியாட்டில் லூமென் ஃபீல்டுல வச்சாங்க. விட்டுட்டு போனவங்களும் விடப்பட்டவங்களும் முதல் தடவை நேருக்கு நேர். வாஷிங்டன் ஸ்டேட் 24-19 முன்னாடி, கிட்டத்தட்ட கடைசி நிமிஷம், வாஷிங்டன் கோல் லைனுக்கு ஒரே ஒரு கஜம் தள்ளி, நாலாவது டவுன், கடைசி சான்ஸ். பந்தை எடுத்துட்டு ஓரமா ஓடினாங்க, வாஷிங்டன் ஸ்டேட்காரங்க கூட்டமா மேல விழுந்து நிறுத்திட்டாங்க. எனக்கு பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், பழைய வாஷிங்டன் ஸ்டேட் தொப்பி, கத்தவே இல்ல, தொப்பியை கழட்டி மடியில வச்சுக்கிட்டு அழுதாரு.

யாராவது இந்த ஓட்டத்துல சேராம இருந்தாங்களா?

பிக் ஈஸ்ட். 2013ல ஃபுட்பால் ஸ்கூல்களோட இழுபறி வேணாம்னு ஏழு கத்தோலிக்க பாஸ்கெட்பால் ஸ்கூல்கள் பேரை எடுத்துக்கிட்டு தனியா வந்துட்டாங்க. அதுல வில்லனோவா ஆண்கள் பாஸ்கெட்பால்ல 2016லயும் 2018லயும் நேஷனல் சாம்பியன். யூகான், அதாவது கனெக்டிகட் யூனிவர்சிட்டி, 2020ல ஃபுட்பாலை தனியா விட்டுட்டு இங்க திரும்பி வந்தாங்க, 2023, 2024 ரெண்டு வருஷமும் சாம்பியன். நாட்டர் டேம் இன்னொரு மாதிரி: ஃபுட்பால் தனி, மத்ததுல பெரும்பாலும் ஏசிசி, ஐஸ் ஹாக்கி பிக் டென்.

அப்ப ஃபுட்பாலை மட்டும் தனியா பிரிக்கலாமே?

இதை தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். ஃபுட்பால் போற இடத்துக்கு போகட்டும், டிவிகாரனுக்கு வேண்டியது அது தான். வாலிபால், சாக்கர், சாஃப்ட்பால், டென்னிஸ் எல்லாம் பக்கத்துல இருக்கிற ஸ்கூல்களோட பஸ்ல போய் ஆடட்டும். முடியாத விஷயம் இல்ல, யூசிஎல்ஏ ஆண்கள் வாலிபால் இப்பவும் மவுன்டன் பசிஃபிக்னு வேற ஒரு அமைப்புல தான் ஆடுது, பிக் டென்ல அந்த விளையாட்டே கிடையாது. தடை எங்கன்னா, கான்ஃபரன்ஸ் சேனலுக்கு வாரம் முழுக்க ஓட்ட நிகழ்ச்சி வேணும், அந்த இடத்தை நிரப்புறது இந்த மேட்ச்கள் தான். அதோட, ஃபுட்பாலை தனி வியாபாரமா காட்டிட்டா சட்டத்துல, வரியில என்னென்ன கேள்வி வருமோன்னு ஸ்கூல்களுக்கு பயம்.

இப்ப பிளேயர்ஸுக்கும் காசு குடுக்கிறாங்களாமே, அது இதை மாத்துமா?

2025 ஜூன் 6ல, பிளேயர்ஸ் என்சிஏஏ மேல போட்ட ‘ஹவுஸ்’ங்கிற கேஸ்ல, சமாதானத்துக்கு கோர்ட் ஒத்துக்கிச்சு. 2025-26ல ஒரு ஸ்கூல் 20.5 மில்லியன் வரைக்கும் நேரடியா பிளேயர்ஸுக்கு குடுக்கலாம், பழைய பிளேயர்ஸுக்கு சுமார் 2.8 பில்லியன் தனியா. இத்தனை வருஷம் எல்லாரும் சம்பாதிச்சு ஆடினவங்களுக்கு மட்டும் இல்லாம இருந்தது அநியாயம், அதனால இது வந்தது எனக்கு சந்தோஷம். ஆனா செலவு ஏறினா பெரிய பங்கு குடுக்கிற இடத்துக்கு போற ஆசையும் ஏறும்.

அடுத்த ஓட்டம் எப்ப?

காண்ட்ராக்ட் தேதியை பாருங்க. பிக் டென் காண்ட்ராக்ட் 2029-30ல முடியுது, பிக் 12 அடுத்த வருஷம், ஏசிசி ஃபீஸ் 75 மில்லியனுக்கு இறங்குறது அதே 2030-31. எஸ்இசி, இஎஸ்பிஎன் 2033-34 வரைக்கும். ஏசிசில இருந்து ரெண்டு மூணு பெரிய பேர் அப்ப கிளம்புவாங்கன்னு என் கணிப்பு.

என் பொண்ணு ஹைஸ்கூல்ல வாலிபால் நல்லா ஆடுறா, காலேஜ் பாக்கும்போது இதெல்லாம் யோசிக்கணுமா?

கண்டிப்பா. கோச் கூட பேசும்போது ஸ்டேடியம், ஜிம் எல்லாம் காட்டுவாங்க, அதை பாருங்க, ஆனா போன சீசன் ஷெட்யூலை டீம் வெப்சைட்ல எடுத்து ஒரு பேப்பர்ல எழுதுங்க: எத்தனை மேட்ச் ஃப்ளைட்ல, அதுல எத்தனை வாரநாள்ல, திரும்பி வர்றது எத்தனை மணிக்கு, ரெகுலர் ஃப்ளைட்டா சார்ட்டரா. கிளாஸ் மிஸ் ஆனா யாரு உதவி பண்றாங்கன்னு கோச்சை கேக்காம டீம்ல இருக்கிற மூணாவது வருஷ பொண்ணை கேளுங்க. அவ எந்த மேஜர் படிக்கிறா, ஆரம்பத்துல அதை தான் படிக்க நினைச்சாளா, இல்ல ஷெட்யூலுக்காக மாத்திக்கிட்டாளான்னும் கேளுங்க.